கர்ப்பகால இரத்த அழுத்தத்தைத் தடுக்க வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் உதவுமா?

பொன்னி:
என் தங்கை 12 வாரக் கர்ப்பிணி. முதல் பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறியதால், மாதம் நிறையும் முன்பே குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. இம்முறை வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைச் சாப்பிடும்படி உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதால் கெடுதல் வராது என்கிறார். கொடுக்கலாமா?

வைகைக்கரை:
அவர் சொல்வதற்கு அடிப்படை உண்டு. உங்கள் தங்கைக்கு வந்ததுபோல், கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயைப் பிரீஎக்லாம்ப்சியா என்பார்கள். அதில் கருப்பையின் இரத்தக் குழாய்கள் போதிய அளவு விரிவடையாததால் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் சீர்குலைகிறது. அதனால் ஏற்படும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்துக்கு, அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் மிகுவதற்கு, இந்நோயில் பங்கு இருக்கிறது. அவற்றைத் தணிப்பவையே வைட்டமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள். 1999இல் லண்டனில், ஆபத்து அதிகமுள்ள 283 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. தினமும் 1,000 மி.கி. வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கும் இந்நோய் வந்தது.

மருதம்:
அந்த ஆய்வைச் சொல்பவர்கள் அதற்குப் பின் வந்தவற்றையும் சொல்ல வேண்டும். அதே அளவு மாத்திரைகளை பிரிட்டனில் சுமார் 2,400 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்ட முடிவில், மாத்திரை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. அதாவது வேறுபாடே இல்லை. அதைவிடக் கவலை தருவது, எடை குறைந்த குழந்தைகள் மாத்திரை பெற்றவர்களிடம் 28 சதவீதமாகவும் மற்றவர்களிடம் 24 சதவீதமாகவும் இருந்தது. இதற்குப் பிறகும் கெடுதல் வராது என்று ஒரு கர்ப்பிணியிடம் எப்படிச் சொல்வது? அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும், 2010இல் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடமும் பயன் தெரியவில்லை. இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் ஆகிய நாடுகளில், ஊட்டச்சத்து குறைந்த பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்விலும் அதே நிலைதான். ஆகவேதான் அந்நிறுவனம் இவ்விரு வைட்டமின்களையும் இதற்காகப் பரிந்துரைப்பதில்லை.

வைகைக்கரை:
பிரிட்டன் ஆய்வில் மாத்திரையைத் தொடங்கியதே 14ஆம் வாரத்துக்குப் பிறகு. நஞ்சுக்கொடிக்குள் தாயின் இரத்தம் முழுமையாகப் பாயத் தொடங்குவது 10 முதல் 12 வாரங்களில் என்பதால், அதற்குள் பாதிப்பு வேரூன்றியிருக்கக்கூடும். மேலும், மாத்திரை தோற்றதால் உணவும் தோற்றதாகாது. நார்வேயில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முதல்முறைக் கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது, காய்கறிகளும் தாவர உணவுகளும் மிகுதியாக உண்டவர்களிடம் இந்நோய் குறைவாகவே காணப்பட்டது.

மருதம்:
அமெரிக்க ஆய்வு 9 முதல் 16 வாரங்களுக்குள் தொடங்கியது. ஆகவே தாமதம் என்ற காரணம் அங்கே அவ்வளவாகப் பொருந்தாது. நார்வே ஆய்வைப் பொறுத்தவரை, காய்கறி மிகுதியாக உண்பவர்கள் உடல் எடை, கல்வி, வருமானம் ஆகியவற்றிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவார்கள். கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும், நோயைக் குறைத்தது காய்கறியா, அந்த வாழ்க்கை முறையா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. உணவுக்கு நான் எதிரியல்ல. நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழமே கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவையான 80 மி.கி. வைட்டமின் சியைத் தந்துவிடும். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேரவும் அது உதவும். ஆனால், ஒருமுறை இந்நோய் வந்த பெண்ணிடம் பழத்தையும் கீரையையும் மட்டும் சொல்லி அனுப்புவது பொறுப்பாகாது. அவருக்குக் கைகொடுக்கக்கூடியது குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களில் தினமும் 150 மி.கி. ஆஸ்பிரின் தொடங்கியபோது, 37 வாரங்களுக்கு முன்பே பிரசவிக்க நேரும் பிரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. உணவில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்குக் கால்சியம் மாத்திரையும் பயன் தரும்.

பொன்னி:
அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளையும் நிறுத்திவிட வேண்டுமா?

மருதம்:
நிறுத்தவே கூடாது. நாங்கள் விவாதிப்பது மிக அதிக அளவு வைட்டமின் சி, ஈ பற்றி மட்டுமே. கால்சியம் தரப்பட்டால், அதை இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே வேளையில் விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே உணவைக் கவனிக்கும் ஆய்வுகள் தேவை என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன். ஆயினும் பொன்னி அவர்களின் தங்கைக்கு இப்போது 12 வாரம். ஆஸ்பிரினை 16 வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பயன் மிகுதி என்பதால், முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.