கப்பல் பஃபே கூடத்துக்கு அலங்காரம் வேண்டுமா, ஜன்னல் போதுமா?

பள்ளத்தூர் மேஸ்திரி:
சிங்கப்பூரில் இருக்கும் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். சாப்பாடு நன்றாகவே இருந்தது. என் கோபமெல்லாம் பஃபே கூடத்தின் மேல்தான். மரம் மாதிரி லேமினேட், சலவைக்கல் மாதிரி பிளாஸ்டிக், தலையில் இடிக்கிற மாதிரி கூரை. அதே கப்பலில் கீழ்த்தளத்து டைனிங் ஹாலில் சரவிளக்கும் வெள்ளை விரிப்புமாக அமர்க்களம். இதில் கூத்து, பஃபே வாசலிலேயே வரிசையாக வாஷ்பேசின்! நம் செட்டிநாட்டுப் பக்கம் வீட்டு முகப்புக்குப் பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலிச் சலவைக்கல்லும் போட்டார்கள். இவர்கள் குழாய் வைத்திருக்கிறார்கள்.

கப்பல் சர்வர்:
அண்ணே, எனக்குக் காரைக்குடிதான், கப்பல் ரெஸ்டாரன்டில் வேலை பார்த்தவன். லேமினேட் போடுவது கஞ்சத்தனத்தால் இல்லை. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914ல் வந்தது சோலாஸ், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம். இன்றைக்கு உள்ள அதன் தீத்தடுப்பு விதிகளின்படி சுவரும் கூரையும் எரியாத பொருளில் இருக்க வேண்டும், மேலே ஒட்டுகிற அலங்காரத் தகட்டில் தீ எளிதில் பரவக் கூடாது. நம் ஆட்கள் போய்வந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985ல் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்புறம் எடை. கார்னிவல் கம்பெனிக் கப்பலில் லிடோ, ராயல் கரீபியன் கம்பெனியில் விண்ட்ஜாமர் என்று பெயர்தான் வேறு; பஃபே பெரும்பாலும் நீச்சல் குளத்தை ஒட்டி மேல்தளத்தில்தான் இருக்கும். அத்தனை உயரத்தில் கல்லையும் தேக்கையும் ஏற்றினால் கப்பலின் நிலைப்பு கெடும். கடல் கொந்தளித்தால் அதிகம் ஆடுவதும் மேல்தளம்தான். அங்கே போய்ச் சரவிளக்கைத் தொங்கவிடச் சொல்கிறீர்களே!

வாஷ்பேசினும் காரணமாகத்தான். நூற்றுக்கணக்கானோர் ஒரே கரண்டியைப் பிடிக்கிற இடம். வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைக்கிற நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் ஜெல்லை நம்ப முடியாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி சொல்வது விதி, சரி. சத்தத்துக்கு என்ன விதி? பழைய வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கிறேன், அதனால் கேட்கிறேன். சுவரில் படம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சாப்பிடுகிறவர் அரைமணியில் மறந்துவிடுவார். தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அது மறக்காது. நான் போன கப்பலில் வயதானவர்கள் நிறைந்த தட்டோடு இடம் தேடி அலைந்ததைப் பார்த்தேன். தேக்குத் தூண் இருந்திருந்தால் அவர்களுக்கு என்ன, சாய்ந்து நின்று சாப்பிட்டிருப்பார்களா?

கண்டனூர் பொடியன்:
மேஸ்திரி அண்ணே, கடலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது சுவரை யார் பார்க்கிறார்கள்? அலங்காரம் பண்ணினால் அந்தக் காசும் டிக்கெட்டில்தான் ஏறும். 1926ல் கட்டிய ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போன எங்கள் ஐயா டெக் பயணி, அறை இல்லாமல் தளத்திலேயே படுத்துப் போனவர். அவருக்குக் கூடமே கிடையாது.

பள்ளத்தூர் மேஸ்திரி:
ஐயாவுக்குக் கிடைக்காததால் பேரனுக்கும் வேண்டாமா? நல்ல நியாயம். கடல் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு என்ன தெரியும்? கண்ணாடியில் உங்கள் முகமும் தலைக்கு மேல் வெள்ளை விளக்கும்தான். மதியம் எரிகிற அதே விளக்கு. மஞ்சள் விளக்குக்குமா சோலாஸ் தடை போட்டது?

கப்பல் சர்வர்:
அதற்குத் தடை இல்லை அண்ணே, புதிய கப்பல்களில் நேரத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைக்கவும் செய்கிறார்கள். ஆனால் உணவு அடுக்கியிருக்கும் மேடையில் வெளிச்சம் குறையக் கூடாது. எது என்ன என்று தெரியாமல் எடுத்து ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது?

ஆச்சி, சத்தத்துக்கு வழி உண்டு. உட்காரும் பகுதியில் கம்பளம், மேடைகளைச் சுற்றி மட்டும் கழுவுகிற தரை. நீண்ட ஒற்றை வரிசையை உடைத்துத் தனித்தனி மேடைகளாகப் போட்டதும் நெரிசலுக்காகத்தான். முதல் நாள் மதியம் மட்டும் எதுவும் உதவாது. அறைகள் தயாராக ஒரு மணி தாண்டும், ஏறின சனம் அத்தனையும் பஃபேயில் நிற்கும். அன்றைக்குக் கீழ் டைனிங் ஹால் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல கப்பல்களில் திறப்பார்கள், பலருக்குத் தெரியாது.

தேவகோட்டை ஆச்சி:
தனித்தனி மேடை வந்த பிறகு ஆள் மேல் ஆள் குறுக்கே வருவதுதான் மிச்சம். வரிசை இருந்தபோது எனக்கு முன்னால் யார் என்றாவது தெரிந்தது.

கண்டனூர் பொடியன்:
சரி, சமரசமாக ஒன்று. நம் ஊர் ஆத்தங்குடித் தரைக்கல் டிசைனை லேசான தகட்டில் அச்சடித்து ஒட்டினால் எடையும் இல்லை, தீயும் பிடிக்காது. மேஸ்திரி ஏறுவாரா?

பள்ளத்தூர் மேஸ்திரி:
மாட்டேன். கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றி, சிமென்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல்லுக்கு அச்சடித்த நகலா? அதற்கு அந்தப் பிளாஸ்டிக் சலவைக்கல்லே இருந்துவிட்டுப் போகட்டும். விளக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.