ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் ‘தௌ கய்’ என்று உங்களை யாராவது திட்டியிருக்கிறார்களா?

ஹாங்காங்கில் குவுன் டோங் பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். அன்று சரக்கு இருப்பு எடுக்கும் நாள். அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, சீட்டைப் பார்த்து எண்ண வேண்டும். நான் முன்வரிசையை மட்டும் எண்ணி, உள்ளே எத்தனை வரிசை என்று பார்த்து, பெருக்கி எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் அக்கா தாளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் நடுவரிசைக்குள் கையை விட்டார். அங்கே இரண்டு பெட்டி அளவுக்கு வெற்றிடம்.

“ம் ஹோ தௌ கய்!”

‘ம் ஹோ’ என்றால் கூடாது, ‘தௌ’ என்றால் திருடு, ‘கய்’ என்றால் கோழி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெட்டிகளை நான் திருடிவிட்டதாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் சோறே இறங்கவில்லை.

அப்புறம் லாரி ஓட்டும் பெரியவர்தான் விளக்கினார். இதில் திருட்டுப்பட்டம் எதுவும் இல்லையாம். வேலை நேரத்தில் நழுவினாலும் தௌ கய்தான், குறுக்குவழியில் போய் முடித்த மாதிரி காட்டினாலும் தௌ கய்தான். நம் ‘ஓபி அடிப்பது’ முதல் பாதிக்குச் சரியாக வரும், இரண்டாம் பாதிக்குப் போதாது. சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றி மிரட்டுவதற்கும் இதே சொல்தான். ஒரு பழமொழியும் சொன்னார்: கோழி திருடப் போனவனுக்குக் கோழியும் சிக்கவில்லை, தூவிய ஒரு பிடி அரிசியும் போச்சு.

என் அரிசி அன்று சாயங்காலமே போனது. எட்டு மணி வரை மறுபடி எண்ணினேன். அந்த அக்காவும் வீட்டுக்குப் போகாமல் கூட நின்று எண்ணினார். அதை இன்றும் மறக்கவில்லை.

—

நான் மலேசியாவில் ஈப்போ. இங்கேயும் கான்டனீஸ் நிறையப் புழங்கும். மலாயில் இதையே ‘சூரி தூலாங்’ என்பார்கள், எலும்பு திருடுவது. சீன நண்பர்கள் ‘பாம்பு தின்கிறான்’ என்றும் சொல்வார்கள். பட்டறையில் என் முதல் முதலாளி இந்த மூன்றையும் ஒரே நாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார். நட்டை முழுக்க முறுக்காமல் சக்கரத்தை மாட்டிவிட்டேன். அவர் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

—

ஹாங்காங்கில் பாம்பும் உண்டு. எப்போதும் நழுவுகிறவன் ‘ஸே வோங்’, பாம்பு ராஜா. குளிர்காலத்தில் பாம்பு சூப் விற்கும் கடைகளின் பலகையிலும் அதே எழுத்துகள்தான். அங்கே அது தொழில் தெரிந்தவர் என்ற மரியாதை. அலுவலகத்தில் கேட்டால் மட்டும் முகம் சிவந்துவிடும், எனக்குச் சிவந்திருக்கிறது.