செங்கீரை ஆடிய யோகா வகுப்பு

என் மகளுக்கு நான்கு மாதம் நிறைந்த வாரத்தில்தான் மருத்துவர் யோகாவுக்கு அனுமதி கொடுத்தார். அறுவைச் சிகிச்சைப் பிரசவம் என்பதால் அதுவரை நடையும் மூச்சுப் பயிற்சியும் மட்டும்தான். திருச்சி உறையூரில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில், பிள்ளை பெற்றவர்களுக்கென்றே தனி வகுப்பு நடந்தது. வாரத்தில் மூன்று நாள், காலை பத்தரை மணிக்கு. குழந்தையையும் தூக்கி வரலாம் என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே சேர்ந்துவிட்டேன்.

"பச்சை உடம்புக்காரி எதற்கு வளைந்து நெளிய வேண்டும்?" என்று முதல் நாள் வரை கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், கிளம்பும் நேரத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். கையில் ஒரு பெரிய பை. அதில் துண்டுகள், மாற்றுத் துணிகள், வெந்நீர் பிளாஸ்க், தேவைப்பட்டால் தூளி கட்ட ஒரு பழைய நூல் புடவை. மாடிக்குப் போய்ப் பார்த்தால், அதே போன்ற பைகளோடு இன்னும் ஐந்து பாட்டிகள், பெண் பார்க்க வந்தவர்களைப் போலச் சுவரோரம் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஆறு பேர் குனிந்தால், ஆறு குரல்கள் சேர்ந்து "பார்த்து, பார்த்து" என்றன.

ஆசிரியை முதலில் ஒவ்வொருவரையும் மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து, வயிற்றுத் தசைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்தார். இரண்டு விரலுக்கு மேல் இருந்தவர்களுக்கு, உடலைப் படகு போல வளைக்கும் நாவாசனம் போன்றவை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தச் சோதனையை யாரும் தவிர்க்காதீர்கள். வயிறு உள்ளே போகவேண்டும் என்று அவசரப்பட்டு எழுந்து எழுந்து படுத்தால், சிலருக்கு அந்த இடைவெளி கூடத்தான் செய்யும்.

பிறகு, "கண்களை மூடுங்கள். மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்றார். மூடினோம். ஒரு குழந்தை அழுதது. ஆறு பேரும் கண்ணைத் திறந்துவிட்டோம். அழுதது ஒரே ஒரு பிள்ளைதான், ஆனால் பால் சுரப்புக்கு யார் வீட்டுப் பிள்ளை என்ற கணக்கெல்லாம் தெரியாது. அழுகுரல் காதில் விழுந்தாலே ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் தன் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டே நிமிடத்தில் ஆறு விரிப்பிலும் ஆறு பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை கொஞ்சமும் அசரவில்லை. "நல்லது, இன்றைக்கு முதல் ஆசனம் இதுதான். பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் பிள்ளையிடம் குனிந்து போகாதீர்கள்" என்று மடியில் ஒரு தலையணை வைக்கக் கற்றுக்கொடுத்தார். நான்கு மாதமாக இருந்த கழுத்துவலி அடுத்த பத்து நாளில் விட்டுப்போனது.

இரண்டாவது வாரம் புஜங்காசனம். நாங்கள் மூச்சை இழுத்துக்கொண்டு நெஞ்சை மெல்லத் தூக்கினால், எதிரே குப்புறக் கிடந்த பிள்ளைகள் எந்தச் சிரமமும் இல்லாமல் தலையை நிமிர்த்தி எங்களையே பார்த்தார்கள். என் மகள் ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு முகத்தை அசைத்தாள். நாற்காலியிலிருந்து ஒரு பாட்டி துள்ளி எழுந்தார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. "செங்கீரை! ஐந்தாம் மாதத்துச் செங்கீரை! இதைத்தான் முப்பது வருஷம் பிள்ளைத்தமிழ்ப் பாடத்தில் நடத்தினேன், இன்றைக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார். பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பாடும். அதில் குழந்தை இப்படிக் கையூன்றி முகம் அசைப்பது செங்கீரைப் பருவம். எங்களில் ஒருவரின் மகனுக்கு ஒன்பது மாதம். அவன் எந்த ஆசனம் முடிந்தாலும் கைதட்டினான். அது சப்பாணிப் பருவமாம். அவன் வராத நாளில் ஆசனத்தை முடித்துவிட்டு நாங்கள் எல்லோரும் அவன் இடத்தையே பார்த்தோம்.

பவனமுக்தாசனத்தைப் பிள்ளைகளுக்கும் செய்துவிடச் சொன்ன நாளை மறக்கவே முடியாது. இரண்டு முழங்காலையும் பிடித்து மெதுவாக வயிற்றின் பக்கம் மடக்கி, பிறகு நீட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆறு பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாகவே பதில் சொன்னார்கள். பாட்டிகளின் முகத்தில் திருவிழாக் களை. யோகாவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், "இந்த வாயு ஆசனம் நாளைக்கும் உண்டா?" என்று கேட்டார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது என் பக்கத்து விரிப்பில் இருந்தவர் மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தார். என்ன என்று கேட்டோம். கொஞ்ச நேரம் கழித்து, "சிரித்தால் சிறுநீர் கசிகிறது" என்றார். யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "எனக்குத் தும்மினால்" என்றார். இன்னொருவர், "எனக்கு இருமினால்". அதற்குப் பிறகு சுவரோரத்திலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது: "எனக்கு இவள் புருஷன் பிறந்ததிலிருந்து."

முப்பத்திரண்டு வருஷம். ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தச் சிரிப்பு மட்டும் வந்திருக்காவிட்டால் அவர் யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டார்.

ஆசிரியை நாற்காலிகளையும் அருகே இழுத்துப் போடச் சொன்னார். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் அடியிலிருந்து தூளி போலத் தாங்குவது இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பத்தின் பாரத்தில் அந்தத் தூளி தொய்ந்துவிடும், அறுவைச் சிகிச்சைப் பிரசவமானாலும் அப்படித்தான். மூச்சை விட்டுக்கொண்டே அந்தத் தசைகளை உள்ளே, மேலே இழுக்க வேண்டும். ஐந்து வினாடி பிடித்து, முழுவதும் தளர்த்த வேண்டும். பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். நம் யோகத்தில் மூலபந்தம் இதற்கு நெருங்கியது. சில மாதங்கள் விடாமல் செய்தும் கசிவு குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார்.

பன்னிரண்டு பேரும் தொடங்கினோம். வெளியில் எதுவுமே தெரியாத பயிற்சி அது. ஆனால் பாட்டிகள் இழுத்தபோது ஆறு ஜோடிப் புருவங்களும் சேர்ந்து மேலே போயின. "அம்மா, புருவத்தை விட்டுவிடுங்கள், வேலை கீழே" என்றார் ஆசிரியை. மறுபடி சிரிப்பு. இந்த முறை யாரும் சுருண்டு உட்காரவில்லை.

அன்றைக்குச் சவாசனத்தில் ஆறு தாய்மாரும் தூங்கிவிட்டோம். ஆசிரியை மணி அடிக்கவில்லை. விழித்தபோது பன்னிரண்டு மணி. என் மகள் தமிழாசிரியையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், சப்பாணிக்காரன் என் மாமியாரின் தோளில்.

இப்போது காலையில் அடுப்பில் பால் பொங்கும்வரை மாமியார் அசையாமல் நிற்பார். நான் தோசைக்கு மாவைக் கரைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பேன்.

"அத்தை, புருவம்."

உடனே இறக்கிவிடுவார்.