இரவில் மட்டும் மலிவு சிம்மில் லைன் நகரவில்லை, என்ன காரணம்?

லிந்தாங் அக்கா:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்கு ஃபைபர் வரவில்லை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். மகளுக்கு இந்த வருடம் எஸ்பிஎம், ஐந்தாம் படிவத் தேர்வு. இரவு எட்டரைக்கு கூகுள் மீட்டில் டியூஷன் தொடங்கினால் ஆசிரியர் படம் அப்படியே நின்றுவிடுகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது. சாதாரண அழைப்பும் தெளிவாகப் போகிறது. சிம், சொந்த டவர் இல்லாத ஒரு மலிவு நிறுவனத்துடையது. பிள்ளை பாடத்தை விட்டுவிடுகிறாளே என்று மனசு கேட்கவில்லை. கைப்பேசியை மாற்ற வேண்டுமா?

ஈப்போ டெக்னீஷியன்:
கைப்பேசிக்குக் காசு போடாதீர்கள் அக்கா. கோடு முழுசாக இருப்பது டவரின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். அந்த டவரில் எத்தனை பேர் நெருக்குகிறார்கள் என்று அது காட்டாது.

4ஜி-யில் ஒவ்வொரு இணைப்புக்கும் கியூசிஐ என்று ஒரு எண் உண்டு, டவர் யாரை முதலில் கவனிக்கும் என்ற வரிசையை அது சொல்லும். வோல்ட்டிக்கு, அதாவது 4ஜி வழியே போகும் சாதாரண அழைப்புக்கு, 1. சாதாரண டேட்டா பெரும்பாலும் 8 அல்லது 9-இல் ஓடும். நெரிசல் நேரத்தில் டவர் 9-இல் இருப்பவரைவிட 8-இல் இருப்பவருக்கு முன்னுரிமை கொடுக்கும். டவர் காலியாக இருந்தால் இருவருக்கும் ஒரே வேகம். மலிவு நிறுவனம் டவர்காரரிடம், அதாவது டவர் வைத்திருக்கும் நிறுவனத்திடம், சேவையை மொத்தமாக வாங்கி விற்கிறது. எந்த வரிசையில் நிற்பது என்பது அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. உங்கள் அழைப்பு தெளிவாக இருந்தும் மீட் திக்குவது இதனால்தான் என்று நினைக்கிறேன். மீட், வாட்ஸ்அப் அழைப்பு எல்லாம் டேட்டா வரிசையில்தான் போகும்.

ஆனால் சோதிக்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, கைப்பேசியிலேயே விடியற்காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பதுக்கு ஒரு தடவை வேகம் பாருங்கள். இரண்டு நேரமும் ஒரே எண்ணில் நின்றால், உதாரணமாக 512 கேபிபிஎஸ், கோட்டா தீர்ந்துவிட்டது அல்லது திட்டத்திலேயே வேக வரம்பு இருக்கிறது. காலையில் பறந்து இரவில் படுத்தால் நெரிசல். அப்புறம் அதே இடத்தில், அதே நேரத்தில், டவர்காரரின் சொந்த சிம்மையும் பாருங்கள். அதுவும் படுத்தால் டவரே நிரம்பிவிட்டது. வரிசை மாறினாலும் பெரிய பலன் இல்லை.

லிந்தாங் அக்கா:
நன்றி தம்பி. விடியற்காலையில் 25 மெகாபிட்டுக்கு மேல் வந்தது. இரவில் ஒரு மெகாபிட் கூட இல்லை. பக்கத்து வீட்டில் டவர்காரரின் சிம் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹாலில் வைத்து இரவிலேயே பார்த்தோம், 8 மெகாபிட் வந்தது.

சிலிம் ரிவர் மாமா:
அப்படியானால் பெரும்பாலும் வரிசைதான் காரணம் அம்மா. ஆனாலும் அவசரப்பட்டு எண்ணை மாற்றிவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் வேறொரு நிறுவனத்தின் டவர் லயத்து வீடுகளுக்குக் கிட்ட இருந்தது, அதில்தான் எங்களுக்கு நல்ல வேகம். முதலில் ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்கி டியூஷன் நேரத்தில் போட்டுப் பாருங்கள். கைப்பேசியில் இரண்டு சிம் போடலாம் என்றால் பழைய எண் அழைப்புக்கு இருக்கட்டும், டேட்டாவை மட்டும் புதியதற்கு மாற்றினால் போதும்.

சிம் வரும் வரை மகளை மீட்டில் கேமராவை அணைத்து, வரும் படத்தின் தரத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். குரலுக்குக் கொஞ்சம் டேட்டாவே போதும். பயிற்சித்தாள், பாட வீடியோ எல்லாம் விடியற்காலையில் இறக்கி வையுங்கள்.

ஈப்போ டெக்னீஷியன்:
மாமா சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன்: ஹாலில் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் ஜன்னல் ஓரத்திலும் பாருங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை செம்பனைக்குள் தூரம் போகும், ஆனால் அதில் டேட்டாவுக்கு இடம் குறைவு. கைப்பேசி 1800 அல்லது 2600 அலைவரிசையைப் பிடித்தால் வேகம் கூடலாம்.

லிந்தாங் அக்கா:
பட்டணத்தில் ப்ரீபெய்ட் சிம் வாங்கிவிட்டேன், டேட்டாவுக்கு மட்டும். நேற்று வகுப்பு முழுவதும் தடங்கல் இல்லாமல் ஓடியது. பிறகு பழைய எண்ணையே இந்த நிறுவனத்துக்கு மாற்ற முடியுமா?

சிலிம் ரிவர் மாமா:
முடியும், மலேசியாவில் 2008-இலிருந்தே அந்த வசதி இருக்கிறது. பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். மிச்சமிருக்கும் கிரெடிட் எண்ணோடு சேர்ந்து வராது, அதை முதலில் அழைப்புகளில் செலவழித்துவிடுங்கள்.