மாலுமி, ஆலிம், மௌலவி: மூன்றுக்கும் வேர் ஒன்றா?

துறைமுகத்தான்:
உட்துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறேன். ‘மாலுமி’ அரபுச் சொல், மார்க்க அறிஞரைச் சொல்லும் ஆலிமுக்கும் அதற்கும் ஒரே வேர் என்று எங்களோடு வேலை செய்யும் கிண்ணியா நானா ஒருவர் சொன்னார். அப்படியென்றால் மௌலவியும் அதில் சேருமா? கேட்க மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. அரபு எழுத்து எனக்குத் தெரியாது.

கிண்ணியா ரீச்சர்:
நானா சொன்னது சரி தம்பி. மாலுமி என்பது ‘முஅல்லிம்’ திரிந்து வந்தது. படிப்பிப்பவர் என்று பொருள். இந்தியப் பெருங்கடலில் ஓடிய அரபிகள் கப்பலுக்கு வழி சொல்பவரை அப்படித்தான் அழைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் கடல் நூல்கள் எழுதிய அஹ்மத் இப்னு மாஜித் காட்டுவதும் இதே பெயரைத்தான்.

வேர் ஐன், லாம், மீம் என்ற மூன்று அரபு எழுத்துகள். ‘அலிம’ என்றால் அறிந்தான்; அறிந்தவர் ஆலிம். நடு எழுத்தை இரட்டித்து ‘அல்லம’ என்றால் அறியச் செய்தான், அதாவது படிப்பித்தான். முன்னால் ‘மு’ வந்து முஅல்லிம் ஆனால் அதைச் செய்பவர். இந்த அச்சில் இன்னும் எத்தனையோ சொற்கள் வரும்: தரஸ படித்தான், தர்ரஸ படிப்பித்தான், முதர்ரிஸ் ஆசிரியர். நம் பிள்ளைகள் ஓதப் போகும் மத்ரஸாவும் அந்த வேர்தான். உங்களுக்குப் பிடித்தது ஒன்று சொல்கிறேன்: கொடிக்கு ‘அலம்’, அடையாளத்துக்கு ‘அலாமத்’. இரண்டையும் அகராதிகள் ஐன்-லாம்-மீமின் கீழேதான் வைக்கின்றன.

மௌலவி சேராது. அது வாவ், லாம், யா. நெருக்கம், பொறுப்பு, காப்பு என்று போகும். வலீ (இறைநேசர்), மௌலா (தலைவர்) எல்லாம் அந்தப் பக்கம்.

தமிழில் எழுதியதை வைத்து மட்டும் வேர் பிடிக்கவே கூடாது. குர்ஆனில் ‘ஸமீஉன் அலீம்’ என்று வருவது ஐன், எல்லாம் அறிந்தவன். ‘அதாபுன் அலீம்’ என்பதில் ஹம்ஸா என்ற வேறு எழுத்து. நோவு தரும் வேதனை. தமிழில் இரண்டும் ஒரே அலீம். ஓத வரும் பிள்ளை ஐனைத் தொண்டையிலிருந்து எடுக்கும்வரை நான் விடுவதில்லை, பொருளே அங்கேதான் மாறுகிறது.

மூதூர் வாசகன்:
ரீச்சர், மொன்சூனும் அரபு என்கிறார்களே?

கிண்ணியா ரீச்சர்:
ஆமாம். ‘மௌஸிம்’, குறித்த காலம். கப்பல் புறப்படும் பருவத்தையும் அப்படிச் சொன்னார்கள். போர்த்துக்கீசர் வாயில் புகுந்து பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. வேர் வாவ், ஸீன், மீம்; அடையாளமிடுவது. உங்கள் ஊரில் மாட்டுக்குக் குறி சுடுகிறீர்களே, ஒட்டகத்துக்கு அப்படிச் சுடும் குறிக்கு ‘வஸ்ம்’ என்று பெயர். மஸ்ஜித் என்பதும் மௌஸிமும் ஒரே அச்சு: ஒன்று ஸுஜூத் (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது) செய்யும் இடம், மற்றது குறித்த காலம்.

துறைமுகத்தான்:
நன்றி ரீச்சர். அகராதியில் நானே தேட வேண்டுமென்றால்?

கிண்ணியா ரீச்சர்:
அல்-முன்ஜித் (1908) பல மத்ரஸாக்களில் இருக்கும். வேர் வரிசையில் உள்ளது, அதனால் முஅல்லிமை மீமில் தேடாதீர்கள், ஐனில் பாருங்கள். முதலில் 28 எழுத்தையும் நானாவிடம் கேட்டுப் படித்துவிடுங்கள்.