நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆளுநர் வேட்பாளர் சொல்லும் வரியும் வீட்டுக்கு வரும் வரியும்

எடிசனில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, புது ஆளுநர் வந்துவிட்டாரே, சொத்து வரி குறையுமா? இப்போதே வீடு வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?” 2009 ஆளுநர் தேர்தலில் கோர்சைனும் கிறிஸ்டியும் மோதியபோது நானும் இதே கேள்வியோடு வீடு வாங்காமல் காத்திருந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி நியமிப்பவர். இங்கே அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் ஊர் முதலமைச்சரைப் போல மாநில அரசை நடத்துகிறவர். மாநில வருமான வரி, விற்பனை வரி, பெருநிறுவன வரி எல்லாம் அவரும் சட்டமன்றமும் சேர்ந்து முடிவு செய்பவை. ஆனால் நம் கையைக் கடிக்கும் சொத்து வரியை அவர் விதிப்பதில்லை. உங்கள் நகராட்சி, கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது), பள்ளி வாரியம் ஆகிய மூன்றும்தான் விதிக்கின்றன.

சொந்த வீடு வைத்திருப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவருடைய சொத்து வரித் தாளை ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு தவணைகள், ஒவ்வொன்றும் முதல் தேதி. பக்கத்திலேயே எந்தத் தொகை யாருக்குப் போகிறது என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பள்ளி என்று போட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பாதிக்கும் மேல் அங்கேதான் போகிறது. நல்ல பள்ளி இருக்கும் ஊர் என்று நாம் தேடித் தேடிப் போகிறோமே, அதன் விலை அந்த ஒரு தொகையில்தான் இருக்கிறது.

இனி 2025 தேர்தலுக்கு வருகிறேன். குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லி வரியையே முதன்மைப் பேச்சாக வைத்தார். வீட்டு மதிப்பீட்டில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் சொத்து வரி போகாதபடி உச்சவரம்பு, வருமான வரியும் பெருநிறுவன வரியும் குறைப்பு, பள்ளிகளுக்கு மாநிலம் பணம் பிரித்துக் கொடுக்கும் சூத்திரத்தையே மாற்றுவது என்றார். ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் மின் கட்டண உயர்வை நிறுத்தி வைப்பதை முன்னால் வைத்தார். விற்பனை வரியை உயர்த்த மாட்டேன் என்று உறுதி தருவீர்களா என்று விவாத மேடையில் கேட்டபோது அவர் உறுதி தரவில்லை. எதிரணி அதையே விளம்பரமாக்கி ஓட்டியது. ஆனாலும் ஷெரில் 13 புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்று 2026 ஜனவரியில் பதவியேற்றார்.

இருவர் பேச்சிலும் எனக்குக் கனமாகப் பட்டது பள்ளிப் பணம் பற்றிய பேச்சுதான். சராசரி சொத்து வரி 10,000 டாலரைத் தாண்டிவிட்ட மாநிலம் இது. 564 நகராட்சிகள், ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி நிர்வாகம். உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் குறையும் பணத்தை மாநிலம் வேறு எங்கிருந்து கொடுக்கும் என்று சொல்லாத வேட்பாளரை, அவர் எந்தக் கட்சியானாலும், நான் நம்புவதில்லை. 2009இல் வென்ற கிறிஸ்டி 2010இல் கொண்டுவந்த 2 சதவீத வரம்பும் ஊர் திரட்டும் மொத்தத் தொகையின் வளர்ச்சிக்குத்தான். அதிலும் விலக்குகள் உண்டு. உங்கள் வீட்டு வரி 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று யாராவது சொன்னால் அது தவறு.

பழைய கதை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1990இல் அப்போதைய ஆளுநர் ஜிம் ஃபிளோரியோ வருமான வரியையும் விற்பனை வரியையும் ஒருசேர உயர்த்தினார்; 1993இல் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 30 சதவீத வருமான வரிக் குறைப்பு என்று சொல்லி வென்ற கிறிஸ்டின் விட்மன், சொன்னதைச் செய்தார். வருமான வரி குறைந்தது. சொத்து வரியோ ஏறிக்கொண்டேதான் போனது.

நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். காலையில் பஸ்ஸிலோ ரயிலிலோ மன்ஹாட்டன் போய் வருகிறவர் முதலில் நியூயார்க் மாநிலத்துக்கு வருமான வரி கட்டுகிறார். அதை நியூ ஜெர்சி கழித்துக்கொள்ள விடுகிறது. நியூயார்க் விகிதம் பெரும்பாலும் கூடுதல் என்பதால், அந்தச் சம்பளத்துக்கு இங்கே கட்ட வேண்டியது பலருக்கு ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே நியூ ஜெர்சி வருமான வரியைக் குறைப்பேன் என்ற வாக்குறுதியால் அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. பத்து ஆண்டுகளாக இங்கிருப்பவர்களிலும் இதை அறியாதவர்கள் நிறையப் பேர்.

புதிதாகக் கட்டிய டவுன்ஹவுஸ் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாங்கள் வாங்கியபோது காட்டிய வரித்தொகை மிகச் சிறியதாக இருந்தது. என் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. விசாரித்தால், அது வெறும் மனைக்கு மட்டும் போட்ட வரி. கட்டிடத்துக்கான கூடுதல் மதிப்பீடு பின்னால் வருமாம். விற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அடுத்த ஆண்டு, வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு வங்கி பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் துண்டு விழுந்து, மாதத் தவணை ஒரேயடியாகக் கூடியது. சமையலறை மேசையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த இரவு இன்னும் மறக்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நகராட்சியின் மதிப்பீட்டு அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து, கட்டிடத்தோடு சேர்த்து முழு ஆண்டு வரி எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.

வாடகையில் இருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. ‘ஆங்கர்’ என்ற சொத்து வரி நிவாரணத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,50,000 டாலருக்குள் உள்ள வாடகைதாரர்களுக்கு 450 டாலர் கிடைத்து வந்தது (65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல்). அதே வருமானத்துக்குள் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு 1,500 டாலர். ஒவ்வொரு ஆண்டும் மாநில பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால்தான் இது உண்டு. பட்ஜெட் ஜூன் 30க்குள் கையெழுத்தாகும். ஆளுநரின் மனசு எதில் இருக்கிறது என்பது மேடைப் பேச்சைவிட அந்தப் பட்ஜெட்டில்தான் தெரியும். ஜூலையில் செய்திகளைப் பாருங்கள்.

கடைசியாக, விசாவில் இருப்பவர்களுக்கு. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் வாக்காளர் பதிவும் தானாகவே சேர்ந்து நடக்கும். குடியுரிமை இல்லாதவர் அதை வேண்டாம் என்று தெளிவாக மறுத்துவிட வேண்டும். தவறிப் பதிவாகிவிட்டால் பின்னால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. தீபாவளி விழாக்களுக்கு வேட்பாளர்கள் வருவார்கள், கை குலுக்குங்கள், பள்ளி வரியைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். ஆனால் எச்1பி விசாவில் இருப்பவர் தேர்தல் நிதி கொடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைதான். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், வாக்களிக்க முடியாது.

வர்ஜீனியாவிலிருந்து கேட்ட தங்கைக்கு: உங்கள் காருக்கு ஆண்டுதோறும் வரி கேட்டுக் கவுன்டி கடிதம் அனுப்பியது மோசடி இல்லை, கட்டிவிடுங்கள். 1997இல் ஜிம் கில்மோர் இந்தக் கார் வரியை ஒழிப்பேன் என்று சொல்லியே ஆளுநரானார். 2025 ஆளுநர் தேர்தலில் வின்சம் ஏர்ல்-சியர்ஸும் அதையே சொல்லித் தோற்றார். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். வரி இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அதை வசூலிப்பது உங்கள் கவுன்டியும் நகரமும்தான்.

எடிசன் தம்பிக்கு: ஆளுநருக்காகக் காத்திருக்க வேண்டாம். பிடித்திருக்கும் வீட்டின் வரித் தாளை வாங்கி இங்கே தொகைகளை மட்டும் போடுங்கள், முகவரியை மறைத்துவிடுங்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.