தொழில் மாறியபோது வந்த "நம்மால் முடியுமா?"

நீடாமங்கலத்திலிருந்து:

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் விரிவுரையாளராக இருந்தேன். மாணவர் சேர்க்கை ஆண்டுக்காண்டு குறைந்தது, சம்பளம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது, கடைசியில் துறையையே மூடிவிட்டார்கள். இப்போது அறுவடை இயந்திரங்களையும் நடவு இயந்திரங்களையும் பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். வேலையாளாகச் சேர்ந்தேன், இன்று பங்குதாரர். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இதைப் படிக்கும் பலர் இப்போது அந்த இடைக்காலத்தில்தான் இருப்பீர்கள்.

டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி புதைந்துவிடும், டயருக்குப் பதில் பட்டைமீது ஓடும் செயின் வண்டிதான் இறங்க வேண்டும். பனி காய்ந்த பிறகுதான் அறுப்பே தொடங்கும். நான் சேர்ந்த புதிதில், மன்னார்குடி சாலையோர வயல் ஒன்றில் வண்டி நின்றுவிட்டதென்று என்னைத் தனியாக அனுப்பினார்கள். ஈர வைக்கோல் கதிரடிக்கும் உருளையைச் சுற்றிக் கயிறு முறுக்கியதுபோல் இறுகிக் கிடந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நெல் நனைந்தால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும், கொள்முதல் நிலையத்தில் எடுக்கத் தயங்குவார்கள். வரப்பில் நின்ற வயல்காரர், "சார், உங்களால் ஆகுமா? இல்லை, பெரியவரையே வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் எனக்குக் கை நடுங்கியது. "கரும்பலகையில் படம் போட்டவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

உணர்வுகளை அறிந்து கையாளும் திறனை உணர்வு நுண்ணறிவு என்பார்கள். அதை 1990இல் ஆய்வுலகில் வரையறுத்தவர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரு உளவியலாளர்கள். பிறகு 1997இல் அதை நான்கு திறன்களாக வகுத்தார்கள்: உணர்வை அடையாளம் காண்பது, சிந்தனைக்கு அதைத் துணையாகக் கொள்வது, அது எதனால் வருகிறது என்று புரிந்துகொள்வது, கடைசியாக அதைக் கையாள்வது. கையாள்வது நான்காவதாகத்தான் வருகிறது. நம் வீடுகளிலோ எடுத்த எடுப்பிலேயே "தைரியமாக இரு" என்று நான்காவதற்குத் தாவிவிடுகிறார்கள். என்ன உணர்வு என்றே தெரியாமல் எதைக் கையாள்வது?

அந்த வயலில் நான் செய்தது இவ்வளவுதான். நடுக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பங்கு உண்மையான அறியாமை: அந்த மாடலின் மூடியை அதுவரை நான் கழற்றியதில்லை. இன்னொரு பங்கு, மழை வந்தால் அவருடைய நெல் போய்விடுமே என்ற கவலை. இவை இரண்டையும்விடப் பெரியது வெட்கம். என் பழைய மாணவன் ஒருவன் சாலையில் பைக்கை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று தெரிந்தது. அறியாமைக்கு, பட்டறைப் பெரியவருக்குப் போன் செய்தேன். "அண்ணே, இதை எங்கிருந்து திறப்பது?" அவர் பதறவே இல்லை. "முதலில் இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டைத் தளர்த்துங்கள். உருளையைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே கருக்கரிவாளால் வைக்கோலை அறுத்து எடுங்கள்" என்றார். வெட்கத்துக்கு, அந்த மாணவனையே கூப்பிட்டேன். "தம்பி, கொஞ்சம் வந்து இந்த உருளையைப் பிடித்துக்கொள்கிறாயா?" செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தான். அவன் முகத்தில் நான் பயந்த ஏளனம் எதுவும் இல்லை. வண்டி கிளம்பியது. பாதி வயலை மழைக்கு முன் அறுத்தோம், மீதி நனைந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதித்ததற்குச் சான்று இருந்தும் தன்னைப் போலி என்றே நினைத்துக்கொள்ளும் மனநிலையை 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் விவரித்தார்கள். தொழில் மாறியவர்களின் எல்லாத் தயக்கத்தையும் அதே கணக்கில் சேர்த்து "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். புதிதாக வந்தவருக்குச் சில விஷயங்கள் உண்மையாகவே தெரியாது. அவருடைய சந்தேகத்தில் பாதி, எதைக் கற்க வேண்டும் என்று சரியாகவே காட்டுகிறது. அதை அடக்கிவிட்டால் கற்பதும் நின்றுவிடும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து:

ஐயா எழுதியது வெட்கம். எனக்கு இருந்தது துக்கம், அதைக் கண்டுபிடிக்கவே வெகுகாலம் ஆனது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு விழுந்தது. நெட்டை ரகம் புதிதாக வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை பிள்ளைகளின் படிப்பு காத்திருக்காது. கணினிக் கணக்குப் படித்து, ஆடிட்டர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். திரையைப் பார்த்தாலே கண் கலங்கும், எழுத்து தெரியாது. "எனக்கு மூளை மழுங்கிவிட்டது, இந்த வயதில் இதெல்லாம் ஏறாது" என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

என் நாத்தனார்தான் ஒரு நாள் சொன்னாள்: "அண்ணி, தோப்புக் கணக்கை இத்தனை வருடம் பார்த்தது யார்? உங்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. நீங்கள் இன்னும் தோப்புக்காக அழுது முடிக்கவில்லை." அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்குப் போய், விழுந்த மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வருவேன். அழுகைக்கு அங்கே இடம் கிடைத்ததும் அலுவலகத்தில் வருவது குறைந்தது. வரி தாக்கல் வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:

பொறாமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தேர்வுக்குப் பல ஆண்டுகள் படித்துவிட்டு, அதை விட்டுப் பாத்திரக்கடை வைத்தவன் நான். குரூப் 4 முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும், கூடப் படித்தவர்களின் பெயரைக் கேட்டு, கடையே தவறான முடிவோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். அவர்களிடம் இருப்பதில் எதற்காக ஏங்குகிறேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்த நாற்காலிக்காக அல்ல. வயதான காலத்தில் மாதாமாதம் கைக்கு வரும் பணத்துக்காக. முதுமைக்கு ஒரு சேமிப்பாக அஞ்சலகத்தில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கி, பித்தளை வியாபாரம் நன்றாக நடக்கும் மாதங்களில் கூடுதலாகப் போட்டு வருகிறேன். போன முறை முடிவு வந்தபோது தேறிய நண்பனுக்கு நானே போன் செய்து வாழ்த்தினேன். "புதுவீட்டுக்குக் குத்துவிளக்கு உன் கடையில்தான் வாங்குவேன்" என்றான்.